ஸ்கீக் காவல்

தம்பி, நீங்கள் தமிழ்தானே? பாத்தவுடன விளங்கிச்சு. குறை நினையாதேங்கோ, உங்கட ஸ்கீயை அப்பிடி வாசலடியில சாத்திப்போட்டு வந்து இருக்காதேங்கோ. அடுத்த ஸ்ரேசனில கதவு திறக்க, ஆரும் தங்கட சாமான் மாதிரித் தூக்கிக்கொண்டு இறங்கிப் போயிடுவினம். பேந்து கதவு பூட்டுப்படும், நீங்கள் கண்ணாடிக்குள்ளால பாத்துக்கொண்டு நிக்கவேண்டியதுதான். இஞ்ச கொண்டு வாங்கோ. இந்தச் சீற்றோட சாத்துங்கோ, எங்கட கண்ணுக்கு முன்னால இருக்கட்டும். ஆ, அப்பிடித்தான்.

சுவிசில களவு இல்லையெண்டு நினைக்கிறியள், என்ன? எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிறவை. பொலிஸ்காறனே என்னட்டைச் சொன்னவன், வீட்டை வடிவாப் பூட்டிப்போட்டு வாற சனம், இவ்வளவு விலையான பனிச்சறுக்குப் பலகையை மலையில வெறுமனே குத்திப்போட்டுச் சாப்பிடப் போகுதுகள் எண்டு.

நானோ? நான் ஸ்கீ ஓடுறதில்லை. இந்த வயதில அது ஒண்டுதான் எனக்குக் குறை. ஆனா ஸ்கீயைப் பற்றி என்னட்டைக் கேளுங்கோ. நான் அதுக்குக் காவல் நிண்டனான்.

சிரிக்கிறியள். சிரியுங்கோ. என்ர பேர் தவமலர். இந்த மலை இல்லை, அங்கால பள்ளத்தாக்கில ஒரு மலை. கேபிள் கார் பாதியில நிக்கிற இடத்தில ஒரு பெரிய ரெஸ்ரோறன்ட். அங்க நான் கன வருசமாக் கக்கூசு கழுவிக்கொண்டு இருந்தனான். ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு, இஞ்ச வந்த எங்கட சனத்தில கழுவாத ஆள் ஆர்? ஆனா ஒண்டு சொல்லுறன் தம்பி, கக்கூசு கழுவுற ஆளின்ர முகத்தை ஒருத்தரும் பாக்கிறேல்லை. காலைத் தூக்கி வாளியைத் தாண்டிப் போவினம். வாளியைப் பாப்பினம், என்னைப் பாக்க மாட்டினம்.

பேந்து ஒரு மாரியில, பனிக்காலத்தில, களவு துவங்கிச்சு. சனம் வெளியில கம்பி வரிசையில ஸ்கீயைச் சாத்திப்போட்டு உள்ள வந்து சூப் குடிச்சிட்டுப் போக, சாமான் இல்லை. புதுசாப் பாத்துத்தான் போகும். ஸ்னோபோர்டும் போச்சு. சனம் செஃபைப் பேச்சு. செஃப் எண்டா எங்கட முதலாளி, ஹெர் கெர்பர். இன்ரநெற்றில எல்லாம் எழுதிப்போட்டுதுகள், அந்த ரெஸ்ரோறன்ட்டுக்குப் போகாதேங்கோ, ஸ்கீ போயிடும் எண்டு. செஃப் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "தவா, நீ கவனமான பொம்பிளை. மத்தியான நேரம் வெளியில நிண்டு பாக்கிறியோ?" எண்டு கேட்டார். கேட்டுப்போட்டு ஒரு மஞ்சள் ஜக்கெற் தந்தார். முதுகில பெரிய எழுத்தில மேற்பார்வை எண்டு ஜெர்மனில போட்டிருக்கு.

அதைப் போட்டுக்கொண்டு வெளியில போய் நிண்டன். தம்பி, நம்பமாட்டியள், சனம் என்ர முகத்தைப் பாத்து வணக்கம் சொல்லிச்சு. டொக்டர்மார், வங்கிக்காறர், எல்லாரும். "மேடம், இதில வைக்கலாமோ?" எண்டு கேக்கினம். என்னட்டை! செஃப் சொல்லுவார், தவா உன்ர ஜெர்மன் எங்கட வெயிற்றர்மாரை விட வடிவு எண்டு. உண்மையும் அதுதான். நான் ஒரு சொல்லு விளங்காட்டில் கேட்டு மனப்பாடம் பண்ணிப்போடுவன்.

நான் என்ன செய்தனான் எண்டு சொல்லுறன், உங்களுக்கும் உதவும். ஸ்கீயை ஒருநாளும் சோடியா வைக்கக்கூடாது. ஒண்டை முதல் வரிசையில, மற்றதை அங்கால கடைசி வரிசையில. கள்ளனுக்கு ஒத்தைப் பலகை என்னத்துக்கு? சோடி தேடிக்கொண்டு திரிஞ்சானெண்டா நான் பாத்துப்போடுவன். ஸ்னோபோர்டுக்குச் சோடி இல்லை, அதுக்குக் கம்பியோட சேத்துச் சின்னப் பூட்டு. அடியில இருக்கிற இலக்கத்தை ரெலிபோனில படம் எடுத்து வையுங்கோ. எடுத்திட்டியளோ? இல்லை, என்ன? வீட்ட போய் எடுங்கோ.

வாற சனத்துக்கெல்லாம் இதைத்தான் சொல்லி அனுப்பினன். "பிரிச்சு வையுங்கோ, நான் நிக்கிறன், நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ." களவு நிண்டுபோச்சு. ஒரு மாரி முழுக்க ஒண்டும் போகேல்லை. செஃப் எல்லாருக்கும் முன்னால எனக்குக் கை தட்டினவர்.

இனித்தான் தாசன்ர கதை.

குகதாசன் எண்டு பேர். இவற்ற சித்தப்பான்ர மகன். இவர் எண்டா என்ர மனிசன். தாசன் ஊரில பிடிபட்டுக் கன காலம் உள்ள இருந்திட்டு வந்தவர். மனிசியும் மகளும் வவுனியாவில. இஞ்ச வந்து அகதிக் கேஸ் போட்டு, அது முடியாமலே இழுபட்டுக்கொண்டு கிடந்தது. இலங்கைக்குத் திரும்பிப் போனா எயாப்போட்டிலயே பிடிப்பினம் எண்டுதான் கேஸ். என்னை மச்சாள் மச்சாள் எண்டு நல்ல மரியாதை. நான்தான் செஃபோட கதைச்சு அவரைக் குசினியில கோப்பை கழுவ எடுத்து விட்டனான். அதை இப்ப ஒருத்தரும் சொல்லமாட்டினம். அவருக்கு வேலை எடுத்துக் குடுத்தது ஆர்? நான்.

ஆள் நல்ல ஆள்தான். வாய் திறக்கமாட்டார். ஒரு பழக்கம், சாமான் குழம்பிக் கிடந்தாப் பொறுக்காது. பேர்ணில கோயிலுக்குப் போனா, வாசல்ல சனம் கழட்டி எறிஞ்ச சப்பாத்தையெல்லாம் குனிஞ்சு சோடி சேத்து அடுக்கிப்போட்டுத்தான் உள்ள வருவார். பூசை முடிஞ்சிடும். அவர் சப்பாத்து அடுக்கிக்கொண்டு நிப்பார். உள்ள இருந்த காலத்தில அப்பிடி ஏதும் பழகினாரோ தெரியாது. கேட்டா வாய் திறக்கமாட்டார் எண்டு சொன்னன்தானே.

வெளியில நான் குளிரில நிக்க, அவர் ஒவ்வொரு நாளும் குசினிக் கதவால தேத்தண்ணி கொண்டுவந்து தருவார். இஞ்சி தட்டிப் போட்டு. நான் கேக்கிறேல்லை. அவரே கொண்டு வருவார்.

ஸ்கீயை ஏன் பிரிச்சு வைக்கிறது எண்டு அவருக்குத் தெரியாது. நான் சொல்லேல்லை. குசினி ஆக்களுக்கு அது ஏன், சொல்லுங்கோ பாப்பம்? அது என்ர வேலை.

அண்டைக்கு நல்ல காத்து. லிஃப்ட் நிக்குமோ ஓடுமோ எண்ட மாதிரி. பல்லு டொக்டர் மனிசி ஒருத்தி குடும்பமா வந்தா. அவ, தமையன், பிள்ளையள். நத்தார்ப் பெருநாளுக்கு வாங்கின புத்தம்புது ஸ்கீ, கறுப்பு. நான் சொன்னபடி பிரிச்சு வைச்சா. "நீங்கள் நிக்கிறியள்தானே?" எண்டு ரெண்டு தரம் கேட்டா. "நிப்பன்" எண்டன்.

நிண்டனான். நிண்டனான்தான். பனிக்காத்து முகத்தில ஊசி மாதிரிக் குத்துது. கை விரல் விறைச்சு மடிக்க ஏலாமப் போச்சு. தாசன் கதவைத் திறந்து பாத்திட்டு வந்தார். "மச்சாள், உள்ள போய் இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ. நான் இதில நிக்கிறன்" எண்டார். அவர் கையுறையும் போடேல்லை. நான் போனன். கொஞ்ச நேரம்தான் தம்பி. சூடாக்கிற பெட்டியோட கையை வைச்சுக்கொண்டு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்.

திரும்பி வரேக்க காத்து அரைவாசி ஸ்கீயை விழுத்திப்போட்டுது. தாசன் ஒரு கறுப்புச் சோடியைத் தோளில வைச்சுக்கொண்டு குசினிப் பக்கமாப் போறார். நான் கண்டன். கூப்பிடேல்லை. விழுந்து கிடக்கிறதை முதல்ல நிமித்துவம் எண்டு அந்த வேலையில இருந்திட்டன். அவரும் வந்து ரெண்டைத் தூக்கி நிமித்திப்போட்டு உள்ள போயிட்டார், கோப்பை குவிஞ்சு கிடக்கெண்டு கூப்பிட்டிட்டினம்.

பின்னேரம் அந்தப் பல்லு டொக்டர் மனிசி வெளியில வந்தா. முதல் வரிசையில பாத்தா, இல்லை. கடைசி வரிசையில பாத்தா, இல்லை. தம்பி, அவ போட்ட சத்தம்! சாப்பிட்டுக்கொண்டு இருந்த சனமெல்லாம் கண்ணாடியில முகத்தை ஒட்டிக்கொண்டு பாக்குதுகள். "நீங்கள்தானே நிக்கிறன் எண்டனீங்கள்! உங்களை நம்பித்தானே வைச்சன்!" எண்டு என்ர மஞ்சள் ஜக்கெற்றைக் காட்டிக் காட்டிக் கத்துறா. என்ர முகத்தைப் பாத்துத்தான் கத்தினா.

செஃப் ஓடிவந்தார். "தவா, நீ இடத்தை விட்டுப் போனியோ?"

"இல்லை" எண்டன். தேத்தண்ணி குடிக்கப் போனது ஒரு போக்கே? அதைப் போய் செஃபுக்குச் சொல்லி என்ன பிரயோசனம்?

"ஆரையும் கண்டியோ?"

கண்டதைத்தானே சொல்லவேணும். "குகதாசன் ஒரு கறுப்புச் சோடியைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போனதைக் கண்டனான்" எண்டன். பொய் இல்லையே? கண்ணால கண்டது.

செஃபுக்கு முகம் மாறிப்போச்சு. "அவன் உன்ர குடும்பம்தானே?"

"தூரத்துச் சொந்தம்" எண்டன். "அப்பிடிச் செய்யிற ஆளோ?" எண்டு கேட்டார். இன்னொராளின்ர மனசுக்குள்ள என்ன இருக்கெண்டு எனக்கு எப்பிடித் தெரியும், தம்பி? "எனக்குத் தெரியாது" எண்டன்.

குசினிப் பக்கம் போய்ப் பாத்தினம். ஒண்டும் இல்லை. பொலிஸ் கேபிள் காரில ஏறி வந்திச்சு. ஒரு பொடியன் மாதிரிப் பொலிஸ், நல்ல மரியாதையான ஆள். தாசனுக்கு ஜெர்மன் சரியா வராது. என்னைத்தான் மொழிபெயர்க்கச் சொன்னவை. குசினிக்குப் பின்னால, உருளைக்கிழங்கு மூட்டையள் அடுக்கின அறையில அவரை இருத்திப்போட்டுக் கேட்டவை. நான் மஞ்சள் ஜக்கெற்றோட பொலிசுக்குப் பக்கத்தில நிண்டன்.

"ஸ்கீயை எடுத்தவரோ எண்டு கேளுங்கோ" எண்டான் பொலிஸ்.

கேட்டன். தாசன் என்னைப் பாத்து, ஒருநாளும் கதையாத ஆள், அண்டைக்கு நிப்பாட்டாமக் கதைச்சார். "மச்சாள், காத்துக்கு எல்லாம் விழுந்து ஆளுக்கொரு பக்கமாச் சிதறிக் கிடந்தது. சனம் மிதிச்சுப் போடுமெண்டு நான் எடுத்து, எது எதோட எண்டு சோடி பாத்தனான். அந்தக் கறுப்பு புதுசு, அடிபட்டுப் போகுமெண்டு காத்துப் படாத இடமாக் குசினிச் சுவரோட சாத்தி வைச்சனான். பிறகு உள்ள கூப்பிட்டினம், போயிட்டன். ஆர் வந்து எடுத்ததெண்டு தெரியாது. நீங்கள் தேத்தண்ணி குடிக்கப் போனதால நான் பாத்துக்கொண்டு நிண்டனான் எண்டதையும் சொல்லுங்கோ. எனக்குக் கேஸ் இருக்கு மச்சாள். ஒரு சொல்லும் விடாமச் சொல்லுங்கோ."

பொலிஸ் என்னைப் பாத்தான். "என்னவாம்?"

நான் சொன்னன். "எடுத்தவராம். குசினிப் பக்கம் கொண்டுபோனவராம். இப்ப எங்கயெண்டு தெரியாதாம்."

இதில என்ன பிழை? சொல்லுங்கோ தம்பி. எடுத்தவர்தானே? கொண்டுபோனவர்தானே? இப்ப எங்கயெண்டு தெரியாதுதானே? ஒண்டாவது பொய்யே? காத்து, சுவர், சோடி, தேத்தண்ணி எண்டு எல்லாத்துக்கும் ஜெர்மன் தேடிக்கொண்டு நிக்க ஏலுமே? பொலிஸ்காறன் கேட்டது எடுத்தவரோ இல்லையோ எண்டு. அதுக்கு மறுமொழி சொன்னன். செஃபும் கதவடியில நிக்கிறார்.

தாசன் என்ர வாயையே பாத்துக்கொண்டு இருந்தார். நான் சொல்லி முடிய, "சொல்லிப்போட்டியளோ?" எண்டு கேட்டார். "ஓம்" எண்டன். தலையை ஆட்டினார், நன்றி சொல்லுற மாதிரி.

அவரைக் கூட்டிக்கொண்டு கீழ போயிட்டினம். இருட்ட முதலே விட்டிட்டினம், ஆனா செஃப் நாளைக்கு வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார். நான் அண்டைக்குக் கம்பி வரிசையெல்லாம் ஒதுக்கேக்க, ரெண்டு ஒத்தை ஸ்கீ மிஞ்சி நிண்டது. ஒண்டு முதல் வரிசையில, ஒண்டு கடைசியில. அதுவும் கறுப்புத்தான், கொஞ்சம் நீளம். ஆரோ மறந்துபோட்டுப் போயிட்டினம் எண்டு கொண்டுபோய், சனம் விட்டிட்டுப் போற சாமான் வைக்கிற அறையில போட்டன். அதை ஏன் அப்பவே சொல்லேல்லை எண்டு இவர் பேந்து என்னைக் கேட்டவர். தொலைஞ்சது வேற, மிஞ்சினது வேறயெல்லோ? செஃப் மிஞ்சினதைப் பற்றிக் கேக்கேல்லை.

அண்டைக்குத் தாசன் எனக்கு ரெலிபோன் எடுத்துக்கொண்டே இருந்தார். நான் தூக்கேல்லை. நான் கண்ட சாட்சி. விசாரணை நடக்கேக்க சாட்சி போய்க் கதைக்கலாமே? எனக்கு இந்த நாட்டுச் சட்டம் தெரியும். இவருக்கு இரவு வேலை, முதியோர் இல்லத்தில. காலமை வந்து படுத்திட்டார். நானும் ஒண்டும் சொல்லேல்லை. வேலையால களைச்சு வாற மனிசனை ஏன் எழுப்புவான்?

அடுத்த நாள் காத்து இன்னும் கூடிப்போச்சு. லிஃப்ட் பூட்டு, ரெஸ்ரோறன்ட் பூட்டு. காலமை பாத்தா ரெலிபோனில தாசன்ர குரல் பதிஞ்சு கிடக்கு. "மச்சாள், லிஃப்ட் ஓடேல்லையாம். நான் நடைபாதையால ஏறிப் போய்ப் பாக்கிறன். சுவரில இருந்து காத்துத் தள்ளிப் பின்பக்கப் பள்ளத்துக்குள்ள விழுந்திருக்கும். பனி மூடியிருக்கும், கிண்டிப் பாத்தா கிடைக்கும். கிடைச்சாப் பொலிசுக்குக் காட்டலாம். அண்ணனிட்டை ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

கேட்டன். ஆனா எனக்கு அண்டைக்குத்தான் கட்டிடத்தில உடுப்புத் தோய்க்கிற முறை. உங்களுக்குத் தெரியும்தானே, இஞ்ச முறையை விட்டா அடுத்த கிழமைதான், அதுக்குள்ள மற்ற வீட்டுக்காறி சண்டைக்கு வந்திடுவாள். கீழ மெசினில போட்டு, காய வைச்சு, மடிச்சு. அதோட, அந்தக் காத்துக்குள்ள ஆர் மலை ஏறுவான்? பாதியில திரும்பியிருப்பார் எண்டுதான் நினைச்சன். பாதை பூட்டு எண்டு மூண்டு பாசையில பலகை போட்டிருக்கு.

மத்தியானம் தாண்ட செஃப் எடுத்தார். "தவா, ஸ்கீ கிடைச்சிட்டுது!" எண்டார். அந்த மனிசியின்ர தமையனும் அவவும் ஒரே கடையில ஒரே மாதிரிக் கறுப்பு ஸ்கீ வாங்கினவையாம். தமையன்ர பிள்ளை சுகமில்லாமச் சத்தி எடுத்திட்டுதாம். அதால அவர் முதலே கேபிள் காரில இறங்கினவர், சுவரோட சாத்தியிருந்த சோடியைத் தன்ரயெண்டு தூக்கிக்கொண்டு பஸ்சில போயிட்டார். வீட்ட போய்க் கழுவேக்கதான் தன்ரயை விட நீளம் குறைவு எண்டு பாத்தவராம். அவரின்ர ரெண்டும் எங்கட கம்பி வரிசையிலயே நிண்டிருக்கு. பாத்தியளே, படிச்ச சனத்தின்ர கவனம்! நான் மட்டும் கவனமா நிண்டு என்ன?

தாசனுக்கு உடன எடுத்தனான். எடுக்கேல்லை எண்டு நினைக்காதேங்கோ. ஒருக்கா எடுத்தனான். தொடர்பில இல்லையெண்டு சொல்லிச்சு.

இவர் பின்னேரம் எழும்பி வர, தேத்தண்ணி குடுத்துப்போட்டுக் கதையோட கதையா எல்லாத்தையும் சொன்னன். ஸ்கீ கிடைச்ச சந்தோசத்தையும் சொன்னன். பதிஞ்ச குரலைப் போட்டுக் காட்டினன். இவர் கோப்பையை வைச்சார். ரெலிபோனையும் என்ர கையில இருந்து பறிச்சுக்கொண்டு, சப்பாத்து நூலும் கட்டாமல் ஓடினார். கதவு திறந்தபடி. நான்தான் பேந்து பூட்டினது.

மீட்புக்காறர் ஏறிப் போய்க் குசினிக்குப் பின்னால பள்ளத்துக்குள்ள கண்டவை. கையாலதான் பனியைக் கிண்டினவராம். ஒரு பெரிய சதுரம் கிண்டியிருந்ததாம், வரிசை வரிசையா, ஓரம் நேரா வெட்டினமாதிரி. உயிர் இருந்தது. ரெண்டு கையிலயும் விரல் எல்லாம் விறைச்சுச் செத்துப்போச்செண்டு ஆசுப்பத்திரியில வெட்டி எடுத்துப்போட்டினம். பெருவிரல் ஒண்டு மட்டும் பாதி மிஞ்சினது. கால் விரலிலயும் சிலது.

அந்தப் பல்லு டொக்டர் மனிசி ரெஸ்ரோறன்ட்டுக்கு வந்து எனக்கு மன்னிப்புக் கேட்டா. ஒரு பெரிய பெட்டி சொக்லேட். என்னைக் கட்டிப்பிடிச்சா. உங்களில கத்தினது பிழை எண்டா. நல்ல சனம் தம்பி, பிழையெண்டு விளங்கினா ஒத்துக்கொள்ளுவினம். வீட்ட கொண்டுவந்து மேசையில வைச்சன். காலமை பாத்தாக் குப்பையில கிடக்கு, பிரிக்காமலே. அவ்வளவு விலையான சொக்லேட். இவர் அண்டையில இருந்து என்னோட கதைக்கிறேல்லை. நான் வேலைக்குப் போனாப் பிறகுதான் சாப்பிடுறார். வயது போகப் போக ஆம்பிளையளுக்கு இப்பிடி ஒரு குணம் வரும் போல.

ஆசுப்பத்திரிக்கு நான் போனனான். போகேல்லை எண்டு சனம் சொல்லும், நம்பாதேங்கோ. கோழி சூப் வைச்சுக் கொண்டுபோனன். ரெண்டு கையும் வெள்ளைத் துணி சுத்தி, பந்து மாதிரி, போர்வைக்கு மேல கிடக்கு. நான்தான் கரண்டியால பருக்கினன். நாலு வாய் குடிச்சார். பேந்து காணும் எண்டு தலையை ஆட்டிப்போட்டு, "மச்சாள், ஒண்டு கேக்கட்டோ?" எண்டார்.

"கேளுங்கோ."

"அண்டைக்குப் பொலிசிட்டை நான் சொன்னதை முழுசாச் சொன்னனீங்கள்தானே?"

நோயாளியிட்டை என்னத்தைச் சொல்லுறது? "ஓம். முழுசாச் சொன்னன்" எண்டன்.

யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். "முழுசாக் கேட்டும் நம்பேல்லை, என்ன" எண்டார். பேந்து, "அப்ப என்ர கேசிலயும் நான் சொன்னதை நம்பாயினம்" எண்டார். மிச்ச சூப்பைத் திருப்பிக் கொண்டு வந்தன்.

அதுக்குப் பிறகுதான் தான் திரும்பிப் போறன் எண்டு நிண்டவர். கேசும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம், மகளைப் பாக்கவேணும் எண்டு. லோயர் சொன்னவ, களவுக் குற்றச்சாட்டு இல்லையெண்டு ஆச்சு, பொறுங்கோ, வெல்லலாம் எண்டு. இவர் தாசன்ர காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினவர். கேக்கேல்லை. எனக்கும் கவலைதான். ஆனா அவரவர் முடிவு. நான் போய் மறிச்சா, மச்சாளுக்கு என்ன வந்ததெண்டு சனம் கேக்கும்.

வெளிக்கிட்டது ஒரு சனிக்கிழமை. இவர்தான் சூரிச் எயாப்போட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். எனக்கு வேலை. சனிக்கிழமை மலையில நிக்க ஏலாத சனம். இல்லை, இப்ப காவல் இல்லை. செஃப் ஸ்கீ வைக்கிறதுக்குப் பெட்டி வைச்சிட்டார், காட் போட்டுப் பூட்டுற பெட்டி. மஞ்சள் ஜக்கெற்றை வாங்கி வைச்சிட்டார். "தவா, நீ செய்ததை நான் மறக்கமாட்டன்" எண்டு சொல்லித்தான் வாங்கினவர். இப்ப திரும்பவும் கக்கூசுதான். அந்தப் பெட்டியளையும் நான்தான் துடைக்கிறன்.

கோயில்ல பொம்பிளையள் எனக்குப் பக்கத்தில இருக்கமாட்டினம். நான் இருந்தா எழும்பிப் போவினம். எரிச்சல். அந்த ஜக்கெற்றோட நான் நிண்ட படம் எல்லாற்ற ரெலிபோனிலயும் போனதுதானே, அந்த எரிச்சல் இன்னும் அடங்கேல்லை.

தாசன் கொழும்பில இறங்கி மூண்டு கிழமையாகுது. பிளேன் இறங்கினது உண்மை. அவரும் இறங்கினவராம். வெளியில வரேல்லை. மனிசி சுகிர்தா மகளையும் கூட்டிக்கொண்டு எயாப்போட் வாசல்ல நிண்டிருக்கிறாள், அண்டைக்கு முழுக்க. உள்ள கேட்டா, அப்பிடி ஒராளை நாங்கள் மறிக்கேல்லை எண்டினமாம். வெளியால போயிட்டார் எண்டினமாம். எனக்கென்னவோ, ரெலிபோனில சார்ஜ் இல்லாம எங்கயாவது தெரிஞ்ச ஆக்களின்ர வீட்ட நிக்கிறார் எண்டுதான் படுது. கன காலத்துக்குப் பிறகு போன ஆளெல்லோ.

போன கிழமை சுகிர்தா எடுத்தாள். இவர் நித்திரை, நான்தான் தூக்கினன். அழேல்லை. "அக்கா, நாளைக்கு மனித உரிமைக் கந்தோருக்குப் போறன். அடையாளம் கேப்பினம். வெளிக்கிடேக்க அவர் என்ன நிறச் சேட் போட்டிருந்தவர்?" எண்டு கேட்டாள்.

நான் எங்க பாத்தன்? நான் வேலையில. இவரை எழுப்பிக் கேட்டிருக்கலாம், ஆனா இவர்தான் என்னோட கதைக்கிறேல்லையே. தெரியாது எண்டு சொல்ல எனக்கு ஒரு மாதிரி இருந்தது. மச்சாள்காறிக்கு அதுவும் தெரியாதோ எண்டு நினைப்பாள். "நீலம்" எண்டன். கனபேர் நீலம்தானே போடுறவை.

"நீலம்" எண்டு ரெண்டு தரம் தனக்குள்ள சொல்லிப் பாத்தாள். "நன்றி அக்கா" எண்டு சொல்லி வைச்சாள். இப்ப ஒவ்வொரு கந்தோரா, ஒவ்வொரு பொலிசா ஏறி இறங்கி, நீலச் சேட் போட்ட ஒராளைக் கண்டனீங்களோ எண்டு கேட்டுக்கொண்டு திரியிறாளாம். இவர் நேற்றுத்தான் கேள்விப்பட்டவர். தாசன் போட்டுக்கொண்டு போனது வெள்ளையாம். என்ர முகத்துக்கு நேர ரெலிபோனைச் சுவரில அடிச்சு உடைச்சுப்போட்டார்.

என்ன தம்பி அப்பிடிப் பாக்கிறியள்? விரலோ? இல்லை, அவளுக்கு விரல் போனது தெரியாது. அவர் சொல்லேல்லை. வீடியோவில கதைக்கேக்கயும் கையைக் கீழ வைச்சுக்கொண்டுதான் கதைக்கிறவர், போய் நேரில காட்டுவம் எண்டு.

நான் சொல்லியிருக்கலாம்தான். ஆனா அவள் கேட்டது சேட்டின்ர நிறத்தையெல்லோ.